ஓவ்சின்னிகோவ் வெள்ளிப் பட்டறை: விரிக்க முடியாத துணி

ஓவ்சின்னிகோவ் வெள்ளிப் பட்டறை (1853–1917) மாஸ்கோவில் இயங்கிய வெள்ளி, பொன் வேலைப்பாட்டுத் தொழிலகம். பண்ணையடிமையாகப் பிறந்த பாவெல் அகீமோவிச் ஓவ்சின்னிகோவ் (1830–1888) இதைத் தொடங்கினார். எனாமல் பதித்த பாத்திரங்கள், ரஷ்யக் குடியானவர் வீட்டுப் பொருட்களை வெள்ளியில் அப்படியே வடித்த தட்டுகள், கூடைகள், தேவாலயப் பொருட்கள் ஆகியவற்றுக்காக இப்பட்டறை அறியப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ‘ரஷ்ய பாணி’ என்று அழைக்கப்பட்ட கலைப்போக்கின் முதன்மையான வெளிப்பாடுகளில் ஒன்றாக இதன் படைப்புகள் கருதப்படுகின்றன. இக்கட்டுரை பட்டறையின் வரலாற்றைச் சொல்லி அதன் படைப்புகளை மதிப்பிடுகிறது.

பின்புலம்

17ஆம் நூற்றாண்டில் ரஷ்ய வெள்ளி வேலையின் மையம் மாஸ்கோ கிரெம்ளினுக்குள் இருந்த அரசப் பட்டறைகள். அக்காலத்தின் தனித்த வடிவங்கள் மூன்று. கோவ்ஷ் என்பது நீரில் மிதக்கும் பறவையின் உடலைப் போன்ற, ஒற்றைக் கைப்பிடி கொண்ட அகப்பை. பிராத்தினா விருந்தில் கைமாறிச் செல்லும் உருண்டைக் கிண்ணம். சார்க்கா சிறிய மதுக்கோப்பை. வடக்கே சோல்விச்செகோட்ஸ்க் நகரில், வெள்ளை எனாமல் பரப்பின்மேல் பெரிய பூக்களைத் தீட்டும் முறை தழைத்திருந்தது. அது உசோல்ஸ்க் எனாமல் எனப்பட்டது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பீட்டர் தலைநகரை பீட்டர்ஸ்பர்க்குக்கு மாற்றினார். கிரெம்ளின் பட்டறைகள் நலிந்தன. புதிய தலைநகரில் ஜெர்மனி, ஸ்வீடன், பின்லாந்துப் பகுதிகளைச் சேர்ந்த கைவினைஞர்கள் மேலோங்கினர். பிரபுக்களின் மேசைகளில் பிரெஞ்சு, ஆங்கில வடிவங்கள் அமர்ந்தன. பழைய ரஷ்ய வடிவங்கள் வழக்கொழிந்து சேகரிப்புப் பொருட்களாயின.

1793இல் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட சாசிக்கோவ் நிறுவனம் இந்நிலையை மாற்ற முயன்றவற்றுள் முதன்மையானது. 1851இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்நிறுவனம் ஒரு பெரிய வெள்ளிக் கிளைவிளக்கை வைத்தது. குலிக்கோவோ போரில் காயமுற்ற இளவரசர் திமித்ரி தோன்ஸ்கோய் ஒரு மரத்தடியில் அமர்ந்திருக்கும் காட்சி அதில் வடிக்கப்பட்டிருந்தது. ரஷ்ய வரலாற்றை வெள்ளியில் சொல்லலாம், அதற்கு ஐரோப்பாவில் பரிசும் கிடைக்கும் என்பதை அது காட்டியது. ஓவ்சின்னிகோவ் தொழிலில் இறங்கியது இதற்குப் பின் இரண்டு ஆண்டுகளில்.

நிறுவனர்

பாவெல் ஓவ்சின்னிகோவ் வோல்கோன்ஸ்கி பிரபுக் குடும்பத்தின் பண்ணையடிமையாக 1830இல் பிறந்தார். ஓவ்சின்னிகோவ் என்ற குடிப்பெயர் ஆட்டுத்தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. சிறுவயதில் மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டு, தன் சகோதரரின் பொன் வேலைப் பட்டறையில் தொழில் பழகினார். 1850 அளவில் அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றார். திருமணத்தில் வந்த 1,000 ரூபிள் சீதனப் பணத்தை முதலாக வைத்து 1853இல் சொந்தத் தொழிலகத்தைத் தொடங்கினார்.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது 1861இல்தான். ஆகவே பட்டறை தொடங்கிய முதல் எட்டு ஆண்டுகளில், அதன் உரிமையாளர் சுதந்திர மனிதர். அவர் பிறந்த வகுப்பைச் சேர்ந்த கோடிக்கணக்கானவர்கள் இன்னும் உடைமைகள். பின்னாளில் அவர் வெள்ளியில் வடித்த மரப்பட்டைக் கூடையும் சணல்நூல் துண்டும் அந்த மக்களின் வீட்டுப் பொருட்கள். இப்பட்டறையின் படைப்புகளை மதிப்பிடும்போது இந்தப் பின்னணியைத் தள்ளிவைக்க இயலாது.

1865இல் மாஸ்கோவில் நடந்த தொழிற்பொருள் கண்காட்சிக்குப் பின் பட்டத்து இளவரசர் அலெக்சாந்தர் அலெக்சாந்திரோவிச்சுக்குப் பொருள் வழங்கும் உரிமை கிடைத்தது. பின்னர் மூன்றாம் அலெக்சாந்தராக அரியணை ஏறியவர் இவர். 1867 பாரிஸ், 1873 வியன்னா, 1882 மாஸ்கோ கண்காட்சிகளில் பட்டறையின் பொருட்கள் இடம்பெற்றன. 1870களில் பீட்டர்ஸ்பர்க்கில் கிளை திறக்கப்பட்டது.

பட்டறையும் பயிற்சிப் பள்ளியும்

ஓவ்சின்னிகோவின் பட்டறை தொழில் நடக்கும் இடமாகவும் தொழில் கற்பிக்கும் இடமாகவும் இருந்தது. தொழிலகத்துக்குள்ளேயே ஒரு பள்ளி நடத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் அங்கே ஐந்தாறு ஆண்டுகள் பயின்றனர். வரைதல், மண்ணில் உருவம் பிடித்தல், எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு வெள்ளி வேலையும் கற்பிக்கப்பட்டது. அன்றைய மாஸ்கோவில் தொழில் பழகவந்த சிறுவன் முதல் சில ஆண்டுகளை ஆசானின் வீட்டு வேலைகளிலேயே கழிப்பது வழக்கம். அதனுடன் ஒப்பிடும்போது இப்பள்ளி பெரிய முன்னேற்றம்.

தொழிலாளர், தொழில் பழகுவோர் ஆகியோரின் வாழ்க்கை நிலை குறித்து ஓவ்சின்னிகோவ் ஒரு சிறுநூலும் வெளியிட்டார். தொழில் பழகும் சிறுவனாக இருந்த ஒருவர் அச்சிறுவர்களைப் பற்றி முதலாளியாக நின்று எழுதியது என்பதால் அந்நூல் கவனத்துக்குரியது. தொழிற்சாலைகளில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்த ரஷ்யச் சட்டம் 1882இல் வந்தது. அதற்கு முன்பே இந்தக் கேள்வி அவரை உறுத்தியிருக்கிறது.

ஆயினும் பள்ளியைத் தர்மகாரியமாக மட்டும் பார்க்க முடியாது. எனாமல் வேலைக்குக் கூர்ந்த கண்ணும் நடுங்காத விரலும் தேவை. அவற்றை இளம் வயதிலேயே பழக்கினால்தான் பட்டறைக்கு வேண்டிய தரம் கிடைக்கும். பள்ளியால் சிறுவர்களுக்குக் கைத்தொழில் வாய்த்தது. பட்டறைக்கு ஒரே மாதிரி வேலை செய்யும் கைகள் வாய்த்தன.

வடிவங்கள் வந்த வழி

‘ரஷ்ய பாணி’ மக்களிடமிருந்து நேராக வந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அதன் பெரும்பகுதி அச்சிட்ட நூல்களிலிருந்து வந்தது. ஓவியர் பியோதர் சோல்ன்ட்செவ் பல ஆண்டுகள் மடாலயங்களிலும் கிரெம்ளின் கருவூலத்திலும் அமர்ந்து பழம்பொருட்களை வண்ணத்தில் வரைந்தார். ‘ரஷ்ய அரசின் தொன்மைகள்’ என்ற பெருந்தொகுப்பாக அவை 1849 முதல் 1853 வரை வெளிவந்தன. 1870இல் வீக்தர் புத்தோவ்ஸ்கி பழைய கையெழுத்துப் பிரதிகளின் அணிவேலைகளைத் தொகுத்தார். 1872இல் விமர்சகர் விளாதிமிர் ஸ்தாசவ் குடியானவர்களின் பூத்தையல், நெசவு, சரிகைப் பின்னல் மாதிரிகளைத் தொகுத்து வெளியிட்டார்.

வெள்ளிப் பட்டறைகளின் வரைபடங்கள் இத்தகைய தொகுப்புகளைப் பின்பற்றின. சுவடியின் முதலெழுத்தில் இருந்த பின்னல்கொடி சர்க்கரைக் கிண்ணத்தின் விளிம்புக்கு ஏறியது. துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்த சேவல் தேநீர்க் கோப்பைத் தாங்கியின் பிடியானது. வீக்தர் கார்ட்மன் போன்ற ரஷ்ய பாணிக் கட்டடக் கலைஞர்கள் வெள்ளிப் பொருட்களுக்கும் வரைந்து கொடுத்தனர். பூத்தையலைச் செங்கல்லிலும் பளிங்கிலும் கட்டுகிறார்கள் என்று அவர்களது கட்டடங்களை அக்காலத்திலேயே கேலி செய்தவர்கள் இருந்தனர். அந்தக் கேலி வெள்ளிக்கும் பொருந்துமா என்பதே இங்கு எழும் கேள்வி.

எனாமல் வேலை

இப்பட்டறையின் புகழுக்கு அடிப்படை கம்பி எனாமல். பாத்திரத்தின் வெள்ளிப் பரப்பில் முதலில் கோலம் வரையப்படும். இரண்டு மெல்லிய கம்பிகளைக் கயிறுபோல முறுக்கித் தட்டையாக்கி, கோட்டின் வழியே வளைத்து, பொடி வைத்துப் பற்றவைப்பார்கள். இப்போது பரப்பு முழுவதும் சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்கும். நிறக் கண்ணாடியை அரைத்து நீரில் குழைத்து ஒவ்வோர் அறையிலும் இட்டு, உலர்த்தி, உலையில் வைத்தால் அது உருகி வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். ஆறும்போது எனாமல் தணியும். மீண்டும் இட்டு மீண்டும் சுட வேண்டும்.

இதில் ஆபத்து வெப்பத்தில் இருக்கிறது. ரஷ்யாவில் பெரிதும் புழங்கிய வெள்ளி 84 சோலோத்னிக் தரம் கொண்டது. ஒரு ரஷ்யப் பவுண்டில் 96 சோலோத்னிக். எனவே ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி உருக 961 பாகை செல்சியஸ் வேண்டும். செம்பு கலந்த இந்த வெள்ளி 780 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கும். பற்றவைத்த பொடி அதற்கும் முன்பே இளகலாம். எனாமல் உருகவேண்டும், கம்பி அசையக்கூடாது, பாத்திரம் சாயக்கூடாது. இந்தச் சிறிய இடைவெளியில் பலமுறை உலைக்குள் சென்று மீண்டது ஒவ்வொரு கோவ்ஷும்.

ஜப்பானிய, சீனக் கம்பி எனாமலில் மேற்பரப்பை உராய்ந்து கம்பியும் எனாமலும் ஒரே மட்டமாக்குவார்கள். ரஷ்ய முறையில் கம்பி எனாமலுக்கு மேலே துருத்தி நிற்கும். விரலால் தடவினால் கோலம் தட்டுப்படும். வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு முறுக்கும் ஒரு புள்ளியாக மின்னும். ஓவ்சின்னிகோவ் பட்டறையின் சிறந்த பாத்திரங்களில் கண்ணைக் கவர்வது நிறத்தைவிட இந்தக் கம்பியின் நடுக்கமே.

வெள்ளித் தளமே இல்லாமல் கம்பிகளுக்கு இடையில் எனாமலை நிறுத்தி, வண்ணக் கண்ணாடிச் சாளரம்போல ஒளியை ஊடுருவ விடும் முறையிலும் பட்டறை தேர்ச்சி பெற்றது. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் கலந்த கருங்கலவையைச் செதுக்கிய பள்ளங்களில் உருக்கிப் பதிக்கும் வேலையும் நடந்தது. 1880களில் ஜப்பானியக் கலையின் தாக்கத்தில் நாரைகளும் பூங்கிளைகளும் சில பாத்திரங்களில் வந்தன. ரஷ்ய பாணியின் கொடி பிடித்த பட்டறை, சந்தை கேட்டபோது கிழக்கேயும் பார்த்தது.

எனாமல் பாத்திரங்களின் குறை நெருக்கம். பிற்காலப் பொருட்கள் பலவற்றில் கைப்பிடி, விளிம்பு, அடிப்பாகம், உட்புறம் என எல்லா இடத்திலும் கொடியும் பூவும் புள்ளியும் நிறைந்திருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு உசோல்ஸ்க் கிண்ணத்தில் பூவைச் சுற்றி வெள்ளைப் பரப்பு இருந்தது. பூ மூச்சுவிட்டது. ஓவ்சின்னிகோவ் கிண்ணத்தில் அந்த வெள்ளை பெரும்பாலும் இல்லை. பழைய கைவினைஞன் ஒரு பூவைத் தீட்டினான்; புதிய பட்டறை ஒரு மாதிரிப் புத்தகத்தையே பாத்திரத்தின்மேல் விரித்தது. வேலைப்பாட்டின் அளவே விலையின் அளவு என்று ஆனபோது வெற்றிடம் நஷ்டமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளியில் துணியும் கூடையும்

ரஷ்யாவில் விருந்தினரை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பது மரபு. பூத்தையல் துண்டை விரித்து அதன்மேல் ரொட்டியை வைத்து நீட்டுவார்கள். பேரரசர் ஓர் ஊருக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் இப்படியே வரவேற்றனர். 19ஆம் நூற்றாண்டில் இதற்கென வெள்ளித் தட்டுகள் செய்விக்கப்பட்டன. நாற்காலி வடிவ மர உப்புப் பெட்டியும் வெள்ளியாயிற்று.

இந்த வழக்கத்தின் உச்சம் துணி விரித்த வெள்ளித் தட்டுகளும் கூடைகளும். கூடை மரப்பட்டையைப் பின்னியதுபோல இருக்கும். அதன்மேல் ஒரு துண்டு அலட்சியமாக எறியப்பட்டதுபோல மடிந்து கிடக்கும். இழையும் ஊடையும் நுண்ணுளியால் கீறப்பட்டிருக்கும். ஓரத்தில் குஞ்சம் தொங்கும். சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர் துணி என்றே நினைப்பார். தொட்டால் உலோகக் குளிர்ச்சி. மரச் சுருட்டுப்பெட்டியை, அதன்மேல் ஒட்டிய வரிச்சீட்டுப் பட்டை உட்பட, வெள்ளியில் வடிக்கும் வழக்கமும் இருந்தது. சாசிக்கோவ், ஹ்லெப்னிகோவ் நிறுவனங்களும் இவ்வகைப் பொருட்களைச் செய்தன.

கலைவரலாற்றில் இவற்றுக்கு மரியாதை குறைவு. கண்கட்டு வித்தை, வணிகர்களின் மலிவான ரசனை என்றே பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றன. எனாமல் பாத்திரங்கள்தாம் பட்டறையின் சாதனை என்பது பொதுவான கணிப்பு. இக்கணிப்பை மறுபரிசீலனை செய்யவேண்டும்.

எனாமல் கோவ்ஷ் 17ஆம் நூற்றாண்டு அரண்மனையை நினைவூட்டுகிறது. அந்த அரண்மனை, பட்டறையில் உழைத்த எவருக்கும் நினைவில் இல்லாதது. அது புத்தகத்திலிருந்து கற்ற நினைவு. சணல்நூல் துண்டு அப்படியல்ல. துணி ஈரமானால் எப்படிச் சரியும், புதிதாக இருந்தால் எப்படி விறைத்து நிற்கும், கூடையின் விளிம்பில் எங்கே தொய்யும் என்பதை அங்கிருந்தவர்கள் வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள். தட்டுகளில் உள்ள மடிப்புகள் சரியாக இருப்பதற்குக் காரணம் அதுவே. பட்டறையின் கைகள் தாங்கள் உண்மையிலேயே அறிந்த ஒன்றைச் செய்த இடம் இது.

அதே நேரம், இப்பட்டறையின் மிகப் பெரிய முரணும் இதே பொருட்களில்தான் இருக்கிறது. குடியானவரின் துண்டு கை துடைக்கும், ரொட்டியை மூடும், குழந்தையைச் சுற்றும். வெள்ளித் துண்டை விரிக்க முடியாது, மடிக்கவும் முடியாது. ஏழ்மையின் பொருள் அதன் பயனை இழந்து உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாளிகைக்குள் நுழைகிறது. மாளிகை அதைப் பார்த்துத் தன் மக்களைத் தனக்குத் தெரியும் என்று நம்பிக்கொள்கிறது. 1903 பிப்ரவரியில் குளிர்கால அரண்மனையில் நடந்த நடன விருந்துக்கு இரண்டாம் நிக்கோலாஸும் அவரது அவையினரும் 17ஆம் நூற்றாண்டு உடைகளில் வந்தார்கள். அடுத்த இரண்டாண்டுக்குள் அதே அரண்மனையை நோக்கி மனுக்கொடுக்க வந்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. உடையாக அணியப்பட்ட ரஷ்யாவும் தெருவில் நின்ற ரஷ்யாவும் எவ்வளவு விலகியிருந்தன என்பதற்கு ஓவ்சின்னிகோவ் தட்டுகளும் சாட்சி.

முத்திரையும் கைகளும்

ரஷ்ய வெள்ளிப் பொருளின் அடியில் பொதுவாகச் சில முத்திரைகள் இருக்கும். தர எண், நகர முத்திரை, சோதித்த அதிகாரியின் எழுத்துகள், செய்த நிறுவனத்தின் பெயர். மாஸ்கோவின் நகர முத்திரை குதிரைமேல் அமர்ந்த புனித ஜார்ஜ். 1899 முதல் நாடெங்கும் பழைய ரஷ்யத் தலையணி அணிந்த பெண்ணின் முகம் தர முத்திரையானது. அம்முகம் முதலில் இடப்பக்கமும், 1908 முதல் வலப்பக்கமும் நோக்கும். தர முத்திரையே ரஷ்ய பாணிக்கு மாறிவிட்டதை இது காட்டுகிறது.

ஓவ்சின்னிகோவ் பொருட்களில் முழுப்பெயரும் அதற்கு மேல் இரட்டைத்தலைக் கழுகும் இருக்கும். கழுகு, அரண்மனைக்குப் பொருள் வழங்கும் உரிமையின் அடையாளம். கம்பி முறுக்கியவர், எனாமல் நிரப்பியவர், துணியின் இழையைக் கீறியவர் பெயர்கள் இல்லை. இது இப்பட்டறைக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. பியோதர் ருக்கெர்ட் மாஸ்கோவின் ஆகச்சிறந்த எனாமல் கலைஞர்களுள் ஒருவர். அவரது எழுத்து முத்திரையை மறைத்து ஃபேபர்ஷே நிறுவனத்தின் முத்திரை அடிக்கப்பட்ட பொருட்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸ்கோவின் வெள்ளித் தொழிலாளர் சிலர் ஆர்ட்டெல் எனப்படும் கூட்டுறவுப் பட்டறைகளை அமைத்தனர். 11ஆம் ஆர்ட்டெல், 20ஆம் ஆர்ட்டெல் என்று எண்ணே அவற்றின் முத்திரை. முதலாளியின் பெயருக்குக் கீழே மறைந்திருந்தவர்கள் வெளியே வந்தபோதும் எண்ணாகவே அறியப்பட்டனர்.

முடிவுக்காலம்

1888இல் ஓவ்சின்னிகோவ் இறந்தார். மகன்கள் நிறுவனத்தை நடத்தினர். 1893 சிகாகோ, 1900 பாரிஸ் கண்காட்சிகளில் பங்கேற்றனர். ஆனால் 1887இல் மாஸ்கோவில் கிளை திறந்த ஃபேபர்ஷே உட்பட போட்டி பெருகியிருந்தது. 1917 புரட்சியோடு பட்டறை மூடப்பட்டது.

அடுத்த பதினைந்தாண்டுகள் ரஷ்ய வெள்ளிக்கு மிகக் கொடியவை. 1922 பிப்ரவரி ஆணையின்படி, பஞ்ச நிவாரணத்தின் பெயரால் தேவாலயங்களின் மதிப்புமிக்க பொருட்கள் பறிமுதல் செய்யப்பட்டன. ஏராளமான வெள்ளி உருக்கப்பட்டது. எஞ்சியவற்றில் பல 1920களிலும் 1930களிலும் அந்நியச் செலாவணிக்காக விற்கப்பட்டன. 1937–38இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரின் மனைவி மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் அங்கே கடைகளில் வாங்கத் தொடங்கியவை வாஷிங்டனின் ஹில்வுட் அருங்காட்சியகத்துக்கு அடித்தளமாயின. பால்டிமோரின் வால்ட்டர்ஸ் அருங்காட்சியகத்திலும் ரஷ்ய எனாமலின் சிறந்த தொகுப்பு உள்ளது.

எனாமலும் வெள்ளித் துணியும் நல்ல விலைக்குப் போயின என்பதால் பிழைத்தன. வெள்ளி எடைக்கு மேல் மதிப்பில்லாத எளிய பாத்திரங்களே முதலில் உலைக்குப் போகும். ஆகவே இன்று நாம் அருங்காட்சியகங்களில் காணும் ஓவ்சின்னிகோவ், பட்டறையின் முழு உருவம் அல்ல. சந்தை வடிகட்டிய உருவம்.

மதிப்பீடு

ஓவ்சின்னிகோவ் பட்டறையின் சாதனை தொழில்நுட்பத்தில் ஐயத்துக்கு இடமற்றது. வழக்கொழிந்த கம்பி எனாமலை மீட்டு, அதைக் கற்பிக்கும் அமைப்பையும் உருவாக்கி, ஒரு தலைமுறைக் கைவினைஞர்களை வளர்த்தது. மாஸ்கோ எனாமல் என்று பின்னர் உலகம் அறிந்ததற்கு இப்பள்ளியின் பங்கு பெரிது.

அழகியலில் அதன் எனாமல் பாத்திரங்கள் சீரற்றவை. கம்பியின் ஓட்டத்தை நம்பி, வெள்ளிக்கு இடம் விட்டுச் செய்யப்பட்ட பாத்திரங்கள் முதல் தரமானவை. மாதிரிகளை நெருக்கி அடைத்தவை செல்வத்தின் அறிவிப்பாகவே நின்றுவிடுகின்றன. வெள்ளித் துணியும் கூடையும் இதுவரை கிடைத்ததைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியவை. ‘ரஷ்ய பாணி’ என்ற இயக்கம் மக்கள்கலை என்று சொல்லிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு மிக அருகே அது வந்ததும், அதிலிருந்து மிகத் தொலைவில் நின்றதும் இந்தப் பொருட்களில்தான். அறிந்த கை செய்தது என்பதால் அருகே. அறியாத மேசைக்குச் சென்றது என்பதால் தொலைவில்.

இப்பட்டறையின் துண்டு விரித்த தட்டொன்றை அருங்காட்சியகத்தில் காண்பவர் முதலில் அதன் நுட்பத்தை வியப்பார். அந்த வியப்போடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அந்த மடிப்பை யார் வீட்டில் பார்த்தார்கள்? அந்தத் தட்டில் யாருடைய ரொட்டி வைக்கப்பட்டது?